பழைய பிரிட்டிஷ் ஸ்டோன்வேர்: அடையாளம் பார்ப்பது, வாங்குவது, வீட்டில் புழங்குவது

பிளாஸ்டிக்கும் மலிவான கண்ணாடியும் வருவதற்கு முன்னால் பிரிட்டனில் மை, பூட்ஸ் பாலிஷ், வினிகர், ஒயின், இஞ்சி பீர், ஆசிட் என்று எதையெதையோ ஸ்டோன்வேர் என்ற, கல்போலச் சுட்டெடுத்த பீங்கான் ஜாடிகளிலும் புட்டிகளிலும்தான் அடைத்து விற்றார்கள். அந்தப் புட்டிகளைக் கணக்கில்லாமல் செய்தார்கள். காலியானதும் குப்பைமேட்டில் எறிந்தார்கள். அதனால் இன்றைக்கும் அவை ஏராளமாகக் கிடைக்கின்றன. சில பவுண்டுகள் கையில் இருந்தால் நூறு வருடப் பழைய புட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். பழம்பொருள் சேர்ப்பது பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுங்கி நிற்பவர்கள்கூட இதில் தைரியமாக இறங்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான். முதல் ஒரு வருடம் அலங்காரப் பூச்சாடிகள் பக்கமே போக வேண்டாம். கடைக்காரர் பெயரும் ஊரும் பதித்த புழக்கப் பாத்திரங்களை வாங்குங்கள். அவற்றில் எழுத்து இருக்கிறது. அதைப் படிக்கப் பழகினால் காலம், ஊர், செய்த பட்டறை எல்லாம் தானாகப் பிடிபடும். எழுத்தே இல்லாத விலையுயர்ந்த பாத்திரத்தைப் பார்க்கும் கண் அதற்குப் பிறகுதான் வரும்.

முதல் படி: ஸ்டோன்வேர்தானா?

சாதாரண மண்பாண்டத்தைச் சுமார் 1000 முதல் 1150 டிகிரி வரை சுடுவார்கள். ஸ்டோன்வேர் 1200-க்கு மேல், சில சமயம் 1300 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் களிமண்ணே உருகிப் பிணைந்து கல்லாகிவிடும். மேல்பூச்சு இல்லாவிட்டாலும் தண்ணீர் கசியாது. சோதிப்பதும் இதை வைத்துத்தான். பாத்திரத்தைக் கவிழ்த்து, பூச்சு படாத அடி வளையத்தில் ஈரவிரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். மண்பாண்டம் அதை உடனே உறிஞ்சிவிடும். ஸ்டோன்வேரில் சொட்டு அப்படியே நிற்கும். தூக்கிப் பார்த்தால் அளவுக்கு மீறிய கனமும் இருக்கும்.

‘ஸ்டோன்வேர்’ என்று சீட்டு ஒட்டி விற்பதெல்லாம் ஸ்டோன்வேர் இல்லை. டி.ஜி. கிரீன் நிறுவனத்தின் நீலக்கோடு போட்ட கார்னிஷ்வேர் மண்பாண்ட வகை. டண்டீ நகரத்து கீலர் நிறுவனத்தின் மார்மலேட் (ஆரஞ்சு ஜாம்) வந்த வெள்ளை ஜாடிகளில் பெரும்பகுதி நியூகாசிலில் மேலிங் பட்டறை செய்தது. அதுவும் வெள்ளை மண்பாண்டம்தான். இரண்டும் அழகானவை, சேர்க்கத் தகுந்தவை. ஸ்டோன்வேர் என்று நினைத்துக்கொண்டு அதற்கான விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

அடுத்து, மேலே கண்ணாடிபோலப் படிந்திருக்கும் கிளேஸ். பழைய புழக்கப் பாத்திரங்களில் முக்கியமாக இரண்டு வகை கிளேஸைப் பார்க்கலாம்.

முதலாவது உப்புக் கிளேஸ். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது சாதாரண உப்பை உள்ளே வீசுவார்கள். உப்பிலுள்ள சோடியம் ஆவியாகி, களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து பாத்திரத்தின் மேல் கண்ணாடித் தோலாகப் படியும். அதனால்தான் உப்புக் கிளேஸைத் தடவினால் ஆரஞ்சுத் தோல்போல நுண்ணிய புள்ளிப் புள்ளியாக இருக்கும். ஒரு பக்கம் அடர் பழுப்பு, மறுபக்கம் தேன் நிறம் என்று சீரில்லாமலும் இருக்கும். ஆவி எந்தப் பக்கம் நன்றாகப் பட்டதோ அதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்கு முதலில் பெரிய அளவில் வேர் பிடிக்க வைத்தவர் லண்டன் ஃபுல்ஹாமைச் சேர்ந்த ஜான் டுவைட். 1672-இல் காப்புரிமை பெற்றார். உப்பு வீசும்போது சூளையிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும். லண்டன் லாம்பெத்தில் குடியிருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் புகையைச் சுவாசித்தார்கள். தூய காற்றுச் சட்டம் வந்த 1956-இல்தான் அங்கிருந்த டவுல்டன் பட்டறையும் மூடியது.

இரண்டாவது பிரிஸ்டல் கிளேஸ். 1835 வாக்கில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் பவல் பட்டறையில் உருவானது. ஈயம் சேர்க்காமல், துத்தநாகம் சேர்ந்த கரைசலில் பாத்திரத்தை முக்கி எடுப்பார்கள். பாத்திரத்தின் மேல்பாதியை மட்டும் காவி நிறக் கரைசலில் தோய்த்துவிட்டால் மேலே பழுப்பு, கீழே பால் நிறம் என்று இரண்டு நிறமாக வரும். நம் வீட்டுப் பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொண்டால் போதும், அச்சு அசல் அதே தோற்றம். இது வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும். ஆக, புள்ளித் தோல் என்றால் உப்பு, வழுவழு இரட்டை நிறம் என்றால் பிரிஸ்டல்.

இரண்டாம் படி: எழுத்தைப் படிப்பது

ஒரு கேலன் பிளாகனை எடுத்துக்கொள்வோம். ஒரு கேலன் என்றால் சுமார் நாலரை லிட்டர். வயிறு உப்பி, கழுத்து ஒடுங்கி, தோளில் ஒற்றைக் கைப்பிடி. தோளில் பெரிய எழுத்தில் ஒரு பெயர், தெரு, ஊர் குத்தியிருக்கும். அது பிளாகனைச் செய்தவர் பெயர் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். அது ஒயின் வியாபாரியின் பெயர். காலியானதும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அவர் பதித்துக்கொண்டது. செய்தவர் பெயரைத் தேட வேண்டிய இடம் அடியோரம். அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முட்டை வடிவ முத்திரை இருக்கும்: பவல் (பிரிஸ்டல்), டவுல்டன் (லாம்பெத்), பியர்சன் (செஸ்டர்ஃபீல்டு), போர்ட் டண்டாஸ் (கிளாஸ்கோ), பியூக்கன் (போர்ட்டொபெல்லோ) என்று பட்டறையும் ஊரும். கிளேஸ் தடித்து எழுத்து மங்கியிருந்தால் கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

வியாபாரியின் பெயர் கிடைத்துவிட்டால் காலத்தைக் கண்டுபிடிப்பது சுவாரசியமான வேலை. கெல்லி போன்ற நிறுவனங்கள் அந்தக் காலத்தில் ஊர்வாரியாக வியாபாரிகள் விலாசப் புத்தகம் போட்டன. நிறையப் பழைய பதிப்புகள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த வியாபாரி அந்தத் தெருவில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை கடை வைத்திருந்தார் என்று பார்த்துவிட்டால் பிளாகனின் காலம் பத்து வருட இடைவெளிக்குள் அடங்கிவிடும். தொலைபேசி எண் இருந்தால் இன்னும் பிந்தியது என்று அர்த்தம்.

இதைத் தவிர பொதுவான சில அடையாளங்கள் உண்டு. வெறுமனே ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு செய்தது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்த வருடம் அது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுதாக இருந்தால் இருபதாம் நூற்றாண்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். வைர வடிவ முத்திரை, 1842 முதல் 1883 வரை வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான அடையாளம். 1884 முதல் அதற்குப் பதிலாக வரிசை எண் கொடுத்தார்கள். அந்த எண் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தால் பாத்திரம் ஏறக்குறைய 1900-க்குப் பிந்தியது. ஆனால் இதெல்லாம் ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்றுதான் சொல்லும். ஒரே அச்சை நாற்பது வருடம் வைத்து ஓட்டியிருப்பார்கள்.

இஞ்சி பீர் புட்டியில் வாய்தான் சாட்சி. உள்பக்கம் திருகு மரை இருந்தால் 1879-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அந்த வருடம்தான் ஹென்றி பாரெட் திருகு அடைப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய சோடா மூடிபோல நெளிமூடி பொருந்தும் வாய் என்றால் 1892-க்குப் பிறகு. கார்க் வைத்துக் கம்பி கட்டும் வாய் இவற்றைவிடப் பழைய முறை.

வேட்டை நாய்கள், காற்றாலை, குடித்துச் சாய்ந்திருக்கும் கிழவர்கள் எல்லாம் புடைப்பாக ஒட்டிய பழுப்பு ஜக்குகளை அடிக்கடி பார்ப்பீர்கள். சிலவற்றின் விளிம்பில் வெள்ளி வளையம் இருக்கும். அந்த வெள்ளியில் உள்ள முத்திரையை உருப்பெருக்கியில் பாருங்கள். சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம். பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்து வருடத்தைச் சொல்லும். ஜக்கே தன் பிறந்த தேதியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வெறும் ‘விக்டோரியா காலம்’ என்று மட்டும் எழுதி விற்கும் கடைகள் உண்டு. அதுவும் வாங்குபவருக்கு லாபம்தான்.

மூன்றாம் படி: எந்தப் பாதை?

புட்டி, பிளாகன் பாதையைச் சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று பாதைகள் இருக்கின்றன.

டவுல்டன் 1815-இல் தொடங்கிய பட்டறை. 1840-களில் சாக்கடைக் குழாய் செய்யத் தொடங்கியதுதான் அதற்குப் பெரிய ஏற்றம். காலரா பரவிய நகரங்களுக்குக் கசியாத ஸ்டோன்வேர் குழாய் தேவைப்பட்டது. அந்தப் பணத்தில்தான் ஹென்றி டவுல்டன் லாம்பெத் கலைப்பள்ளி மாணவர்களைப் பட்டறைக்குள் கொண்டுவந்து அலங்காரப் பாத்திரம் செய்ய வைத்தார். ஹன்னா பார்லோ ஈரக் களிமண்ணில் ஊசியால் கீறி வரைந்த குதிரைகள், மான்கள், ஆடுகள் இன்றைக்கும் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. அவருடைய கையொப்பக் குறி அடியில் கீறியிருக்கும். லண்டனில் இருப்பவர்கள் லாம்பெத் பிளாக் பிரின்ஸ் சாலையில் உள்ள சவுத்பேங்க் ஹவுஸ் வாசலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். பட்டறைக் கலைஞர்களையே ஜார்ஜ் டின்வொர்த் அங்கே புடைப்புச் சிற்பமாக வைத்திருக்கிறார். பார்லோவின் நாற்காலிக்கு அடியில் அவர் பூனையும் இருக்கிறது.

வாங்கியதைத் தினமும் புழங்க வேண்டும் என்பவர்களுக்கு டெர்பிஷயரின் டென்பிதான் சரி. 1806-இல் சாலை போடத் தோண்டியபோது கிடைத்த நல்ல களிமண் படுகையை நம்பி 1809-இல் பூர்ன் குடும்பம் தொடங்கிய பட்டறை. முதலில் மைப்புட்டிகள்தான். பி அண்ட் ஜே ஆர்னால்டு மை நிறுவனத்துக்குச் செய்த பழுப்புப் புட்டிகள் உலகம் முழுக்கப் போயின. பிறகு மேசைப் பாத்திரங்களுக்கு மாறினார்கள். வெளியே நீலமும் உள்ளே மஞ்சளுமான காட்டேஜ் புளூ, ஆல்பர்ட் காலெஜ் 1950-களில் வடிவமைத்த கோதுமைக் கதிர் போட்ட கிரீன்வீட், ஜில் பெம்பர்டன் 1960-களில் கொண்டுவந்த அரபெஸ்க், ஷெவ்ரான் ஆகியவை சாரிட்டி கடைகளில் (தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில்) இன்றும் கண்ணில் படும். செட்டாகத் தேடாதீர்கள். தட்டுகளும் குவளைகளும் ஒன்றிரண்டாகத்தான் வரும். ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சேர்த்தால் செலவு பாதியாகும்.

கடைசிப் பாதை ஸ்டுடியோ பாட்டரி, அதாவது கலைஞர்கள் சிறு பட்டறையில் கையால் வனைந்த பாத்திரங்கள். பெர்னார்டு லீச்சும் ஜப்பானியர் ஷோஜி ஹமாதாவும் 1920-இல் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையே இதன் வேர். லீச் தனியாக வனைந்தது எட்டாத விலை. ஆனால் அதே பட்டறையில் உதவியாளர்கள் வனைந்த ‘ஸ்டாண்டர்டு வேர்’ கிண்ணங்களும் ஜாடிகளும் ஓரளவு கைக்கு எட்டும். செயின்ட் ஐவ்ஸ் முத்திரை மட்டும் இருக்கும். முத்திரையை மட்டும் நம்பி லீச் வாங்கக்கூடாது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள், உண்மைக் கதை. 1980-ஐ ஒட்டி ஃபெதர்ஸ்டோன் சிறையில் மண்பாண்ட வகுப்புக்குப் போன கைதிகள் லீச் முத்திரையைப் போலியாகச் செய்து பதித்த பாத்திரங்கள் லண்டனின் பெரிய ஏலங்களிலேயே விலைபோயின. நிபுணர்களே ஏமாந்த இடம். எனவே இந்தப் பாதையில் இறங்குவதற்கு முன்னால் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பீங்கான் கூடங்களில் சில மணிநேரம் செலவழியுங்கள். அனுமதி இலவசம்.

நான்காம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

மூடியைத் தனியே எடுத்துவிட்டு, பாத்திரத்தை விரல்நுனிகளில் தாங்கி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டுங்கள். ‘ணங்’ என்று நீண்டு ஒலித்தால் நல்லது. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது.

விரிசலைக் கண்டுவிட்டால் அதற்குள் கிளேஸ் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் சூளையிலேயே ஏற்பட்டது. அத்தனை வருடம் தாங்கிய விரிசல், பயப்பட வேண்டாம். ஓரம் கூர்மையாக, கிளேஸ் படாத களிமண் தெரிந்தால் பின்னால் அடிபட்டது. விளிம்புச் சில்லுகளுக்கும் இதே கணக்குதான். சூளையில் பக்கத்துப் பாத்திரத்தோடு ஒட்டிப் பிய்ந்த தழும்பு வேறு. அதைக் குறை என்று பேரம் பேசலாம், ஆனால் மனதுக்குள் மகிழ்ந்துகொள்ளுங்கள்.

ஒட்டுப்போட்டு வண்ணம் அடித்ததைக் கண்டுபிடிக்கச் சின்ன புறஊதா டார்ச் உதவும். இருட்டில் அடித்தால் புதுப் பசையும் வண்ணமும் தனியாக ஒளிரும். கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும் பழைய வழி. பீங்கான் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் கலந்த பூச்சு அந்த அளவு குளிராது. கைப்பிடி சேரும் இடம், ஜக்கின் மூக்கு, மூடியின் குமிழ் ஆகிய மூன்றையும் தவறாமல் பாருங்கள். மூடி பாத்திரத்தோடு பிறந்ததா என்பதற்கு நிறம் மட்டும் போதாது. வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஆடாமல் உட்கார வேண்டும்.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது

சாரிட்டி கடையும், வீட்டுப் பழைய பொருள்களைக் கார் டிக்கியில் வைத்து விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் விற்பனையும் ஆரம்பத்துக்குப் போதும். விடியற்காலையில் போனவருக்கு நல்ல சரக்கு, கடைசி நேரத்தில் போனவருக்கு நல்ல விலை. நாட்டிங்ஹம்ஷயரின் நியூவார்க்கில் நடக்கும் பழம்பொருள் சந்தை மிகப் பெரியது. அங்கே சக்கரம் வைத்த வண்டி ஒன்று கொண்டுபோங்கள், ஸ்டோன்வேரைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஏலத்தில் கேட்பவர்கள் கமிஷன் தொகையை மறக்கக்கூடாது. கேட்ட விலைக்கு மேல் 20 முதல் 30 சதவீதம் வரை ஏல நிறுவனம் வாங்கிக்கொள்ளும், அதற்கு வரியும் உண்டு.

இணையத்தில் வாங்கினால் அடிப்பகுதி, விளிம்பு இரண்டுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். சுண்டிப் பார்த்துச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னால்கூடத் தவறில்லை, நல்ல விற்பனையாளர்கள் அனுப்புவார்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ தருவிப்பவர்களுக்குப் புட்டியைவிட அனுப்பும் செலவு அதிகமாகும், சுங்கம் தனி.

பழைய குப்பைமேடுகளைத் தோண்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். தேம்ஸ் கரையில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமம் இல்லாமல் குனிந்து எதையும் எடுக்கக்கூடாது.

ஆறாம் படி: கழுவுவது

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ். தொண்ணூறு சதவீதம் இதிலேயே முடியும். உப்புத்தண்ணீர்க் கறை வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகர். டீக்கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும். டென்பி தட்டுகளில் சாம்பல் கோடுகள் தெரிந்தால் கீறல் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். பெரும்பாலும் கத்தியும் முள்கரண்டியும் விட்டுப்போன உலோகத் தடம்தான், அதே சோடாவில் மறையும். குளோரின் பிளீச் மட்டும் வேண்டாம். கிளேஸில் உள்ள மயிரிழை வெடிப்புகளுக்குள் இறங்கி, உலர்ந்து உப்பாகி, கிளேஸையே பெயர்த்துவிடும்.

ஏழாம் படி: சமையலறையில்

உப்புக் கிளேஸிலும் பிரிஸ்டல் கிளேஸிலும் ஈயம் சேர்ப்பதில்லை. அந்த வகையில் நிம்மதி. ஆனால் பழைய ஜாடியில் முன்னால் என்ன இருந்தது என்பது வேறு கேள்வி. ஆசிட் தாங்கும் என்பதால்தான் ரசாயன வியாபாரிகள் இதை விரும்பினார்கள். மைப்புட்டி, பாலிஷ் ஜாடி, மண்ணிலிருந்து தோண்டியது, முன்கதை தெரியாதது எல்லாவற்றையும் பூ வைக்கவும் கரண்டி செருகவும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு உணவுப் பாத்திரமாகவே பிறந்ததை மட்டும் எடுங்கள். அதிலும் உள்பக்கம் பளீர் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் நிறத்தில் இருந்து, யார் செய்தது என்றும் தெரியாவிட்டால் புளியும் எலுமிச்சையும் அதில் நாள்கணக்கில் நிற்க வேண்டாம்.

புழங்கும் முன் ஒரு சோதனை. பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் தாளில் ஈர வட்டம் இருந்தால் விரிசல் வழியே கசிகிறது. கசியும் பாத்திரத்தில் எண்ணெயும் இறங்கும், பிறகு சிக்கு வாடை போகவே போகாது.

அடுப்புத் தீயில் நேரடியாக வைக்கக்கூடாது, டென்பி கேசரோலாக இருந்தாலும் சரி. ஓவனில் வைக்கலாம், ஆனால் ஓவன் ஆறியிருக்கும்போதே உள்ளே வைத்துப் பிறகு சூட்டை ஏற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கும். மைக்ரோவேவில் வைக்காமல் இருப்பதே நல்லது. கிளேஸ் வெடிப்பில் ஈரம் தங்கியிருந்தால் உணவைவிடப் பாத்திரம் அதிகமாகச் சுடும்.

நம் சமையலுக்கு இது பொருந்தும் இடங்கள் நிறைய. தயிர் உறையவைக்க அருமை. சுவர் தடிமன் என்பதால் சூடு மெல்ல இறங்கும். பிரிட்டன் குளிரில் வெந்நீர் ஊற்றிப் பாத்திரத்தை முதலில் சூடாக்கிக்கொண்டால் உறை சீக்கிரம் பிடிக்கும். மண்சட்டிபோல நீரை உறிஞ்சாது என்பதால் தயிர் அந்த அளவுக்குக் கெட்டிப்படாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இட்லி மாவு பொங்க வைப்பதற்கும் இதே முறை. வத்தக்குழம்பு, காரக்குழம்பு வகையை அடுப்பில் வேறு பாத்திரத்தில் முடித்து, மூடிபோட்ட டென்பி கிண்ணத்தில் மாற்றி மேசைக்குக் கொண்டுபோனால் இரண்டாவது முறை பரிமாறும்போதும் சூடாக இருக்கும்.

படுக்கையில் கால் சூடாக்க வைத்த பழைய ஸ்டோன்வேர் வெந்நீர்ப் புட்டிகளைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். மூடியின் ரப்பர் வளையம் இற்றுப்போயிருக்கும். புதிது மாற்றாமல் கொதிநீர் ஊற்றிப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். அதேபோல, வீட்டில் செய்த இஞ்சி பீரைப் பழைய புட்டியில் அடைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். உள்ளே அழுத்தம் ஏறும்போது நூறு வருடப் பழைய மயிரிழை விரிசல் தாங்காது. புதுக் கண்ணாடிப் புட்டியில் பொங்கவிட்டு, குடிக்கும் நேரத்தில் இதில் ஊற்றிக்கொள்ளலாம்.